ஆற்றுக்கு முதுகு

ஃபிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, எங்க?" என்று கேட்டார் அவர்.

"போன வருஷம் ஆத்துல தொலைச்சுட்டு வந்து என்கிட்ட கேட்டா? ஏதாவது மீன் வயித்துல கிடக்கும், போய்த் தேடுங்க," என்றாள் அவள் அடுப்படியிலிருந்தே.

"மீன் பிடிச்சாத்தானே வயித்தக் கிழிச்சுப் பார்க்க?"

அவர் சிரித்தது கேட்டது. பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. அது பாதியில் நின்றது. ஜிப் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி அவள் வெந்த முட்டைகளை வடித்துத் தண்ணீரில் போட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவர் பையின் மேல் கவிழ்ந்திருந்தார், இன்னும் அந்த வளையத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறவர் போல.

அந்த வருஷம் மீன் பிடிக்க யாரும் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் அவரும் அவர் தம்பியும் ஒரு வாரம் ஆற்றோரம் போய்த் தூண்டில் போட்டுவிட்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த பழக்கம். படகெல்லாம் கிடையாது. கரையில் உட்கார்ந்து போடுகிற தூண்டில்தான். ஆறு கடலில் சேருவதற்குச் சற்று முன்னால், அலையாத்திக் காட்டுக்கு நடுவில், அவர்களுக்கென்று ஒரு மேடு இருந்தது. வெயில் காலத்தில் போகலாமே என்றால், தம்பிக்குத் தையல் கடையில் வேலை ஓய்வது மழையில்தான். ஆற்றோரம் அவர்கள் தங்குகிற விடுதியில் அறை கிடைப்பதும் மழையில்தான். "நனையறதுக்குன்னே லீவு போட்டுட்டுப் போற ஆளுங்கள நான் வேற எங்கயும் பார்த்ததில்ல," என்று அவள் வருஷா வருஷம் சொல்வாள். மனசுக்குள் வேறொன்றும் ஓடும். வருஷத்தில் ஒரு வாரம் இவருக்கு என்னிடமிருந்து விடுதலை வேண்டியிருக்கிறது போல.

போட்டோக்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் இன்னும் உறுத்தும். தம்பி ஆற்றைப் பார்த்துக் குனிந்திருப்பான். அவரோ மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு, காட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் இல்லை, எல்லா வருஷமும் அப்படித்தான்.

"ஆத்தோட உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"என் மூஞ்சியப் பார்த்தா மீன் ஓடிரும்ல," என்பார்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எதைக் கேட்டாலும் சிரிப்பில் மூடிவைத்துவிடுவார். தம்பி வேறு ரகம். தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் கடையே தீப்பற்றினாலும் தையலை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்குவான். "என் தம்பி குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு," என்று அண்ணன் கேலி செய்வார். அவனுக்கும் அது பெருமைதான்.

அவர் போன பிறகு அந்தக் குனிந்த தலை இன்னும் தாழ்ந்துவிட்டது. அடுத்த மழைக்காலம் வந்தபோது அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஓரகத்தி, அதாவது தம்பி பெண்டாட்டி, வந்து நின்றாள்.

"அக்கா, தலைவலி மாத்திரை குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வீட்ல ஒரு சாமியார் உட்கார்ந்திருக்காரு, அவரால எனக்குத் தலைவலி. பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. தூண்டில் கம்பு மூலையில நிக்குது. அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு. போயிட்டு வாங்கன்னா, யாரோடன்னு கேக்கறாரு."

"நீ போயேன்."

"நல்லாச் சொன்னீங்க! எனக்குப் பஸ் ஹாரன் சத்தம் கேட்டாலே வாந்தி வரும். நீங்க கூட்டிட்டுப் போங்கக்கா. நீங்க கூப்பிட்டா மறுபேச்சு பேச மாட்டாரு."

"எனக்கு மீன் வாடையே ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"உங்கள யாரு மீனை மோந்து பார்க்கச் சொன்னா? கூட உட்கார்ந்திருந்தாப் போதும்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு படியிறங்கியவள் மறுபடி ஏறி வந்தாள். இந்த முறை குரலில் கேலி இல்லை. "அவருக்கு நீச்சல் தெரியாதுக்கா. இத்தனை வருஷம் மாமா கூட இருந்தாரு, நான் நிம்மதியா இருந்தேன். பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்க. இன்னொன்னை இந்தக் குடும்பம் தாங்காது."

"கூட்டிட்டு வந்துர்றேன்," என்றாள் அவள். மருந்துக்கடையில் நின்றுகொண்டு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று பிற்பாடு தோன்றியது. அங்கே எதுவுமே உறுதியாகச் சொல்லி விற்பதில்லை.

விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகள். சுவர் ஈரத்தில் பூத்திருந்தது. கட்டில் விரிப்பைத் தொட்டால் இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்றிருந்தது. விடுதிக்காரம்மா சாவியை நீட்டிக்கொண்டே, "பெரியவர் வரலையா?" என்று கேட்டாள்.

கொழுந்தன் வாசல் மிதியடியைப் பார்த்தபடி, "வரல," என்றான்.

"பரவால்ல, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

அண்ணியும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் முழுக்க மழை. மறுநாளும் விடியும்வரை பெய்துவிட்டு, பிறகு சல்லடையில் சலித்த மாதிரி தூறியது. ஆனால் கடல் பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. கொழுந்தன் கதவைத் தட்டினான். நெடுநாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு துடிப்பு இருந்தது.

"அண்ணி, கிளம்புவமா? மதியத்துக்கு மேல தண்ணி இறங்க ஆரம்பிச்சிரும். கடல்தண்ணி ஏறி இறங்கற அட்டவணையில போட்டிருக்கு. இறங்கற தண்ணியிலதான் கொடுவா கடிக்கும்."

"அட்டவணை போட்டவருக்கு இன்னிக்கு இப்படிக் காத்தடிக்கும்னு தெரியுமா?"

"அதெல்லாம் கடல் கணக்கு அண்ணி, காத்துக்கெல்லாம் அசையாது."

அவன் இவ்வளவு பேசியதே பெரிய காரியம் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றி, வளையமில்லாத மூடியை முடிந்தவரை இறுக்கி, துணியில் சுற்றிப் பைக்குள் நிறுத்தினாள்.

விடுதியின் பின்னாலிருந்து மண்கரை ஒன்று காட்டுக்குள் போனது. இரண்டு பக்கமும் சேறு. சேற்றிலிருந்து விரல்களை நீட்டிய மாதிரி அலையாத்தியின் மூச்சு வேர்கள். கரை நடுவில் ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, ஓடை ஒன்றைத் தாண்டி, மறுபடி ஏறியது. ஓடையின் மேல் சிமெண்ட் பலகை போட்டு, ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசையாக இரும்புக் குழாய் பிடித்திருந்தார்கள். பலகைக்குக் கீழே தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. அதைத் தாண்டினால் அந்த மேடு. போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. மூன்று பக்கமும் காடும் சேறும். முன்னால் டீ நிறத்தில் ஆறு. வந்த வழியைத் தவிர வேறு வழி கிடையாது.

கொழுந்தன் இறாலைக் கொக்கியில் கோத்து, கம்பைச் சுழற்றி வீசினான். ஈயக்குண்டு போய் விழுந்த இடம்கூட அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை இரை டப்பாவின் மூடிமேல் வைத்துவிட்டுக் குனிந்தான். அவ்வளவுதான், மெஷினில் உட்கார்ந்தாயிற்று.

அவள் அவருடைய நாற்காலியை விரித்தாள். அதன் இருக்கை கிழிந்து, தம்பி கையால் பேண்ட் துணி வைத்துத் தைத்திருந்தது. உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, காற்று ஆற்றுச் சாரலை அப்படியே அள்ளி அவள் கண்ணாடியில் அடித்தது. துடைத்தாள். மறுபடி அடித்தது. சலித்துப் போய் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கொழுந்தன் ஓரக்கண்ணால் பார்த்தான். "அப்படியே அண்ணன்."

"உங்க அண்ணனுக்கும் கண்ணாடி நனைஞ்சிருக்கும். இதுக்குப் போய் நான் என்னென்னமோ நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. மீனப் பாருங்க."

கோட்டின் தலைமூடிக்குள் மழை தட்டுகிற சத்தம் இதமாக இருந்தது. முட்டையை உரித்துத் தின்றாள். அவனுக்கு ஒன்றை நீட்டினாள். கண்ணை எடுக்காமலேயே வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். எதிரே காடு, கரை, பள்ளம், குழாய். பார்க்க அதில் ஒன்றுமில்லை. இதைத்தான் மனுஷன் வருஷா வருஷம் ஒரு வாரம் பார்த்தாரா? குழாயில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்தது, பறந்தது. அவள் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். மறுபடி பார்த்தபோது ஏதோ ஒன்று மாறியிருந்தது. மருந்துக்கடை அலமாரியில் யாராவது டப்பாவை இடம் மாற்றி வைத்தால், எதுவென்று தெரியாமலேயே முதலில் ஓர் உறுத்தல் வருமே, அந்த மாதிரி.

குழாய் இரண்டு வரிசையாக இருந்தது. இப்போது ஒரு வரிசைதான் தெரிந்தது.

"தம்பி, அந்தப் பாலத்துல கம்பி ரெண்டு இருந்துச்சுல்ல?"

"எந்தப் பாலம்?"

"நாம தாண்டி வந்தோமே."

"இருக்கும் அண்ணி."

"தம்பி, தண்ணி இறங்கும்னுதானே சொன்னீங்க?"

"இறங்கிட்டிருக்கு... அண்ணி! அண்ணி, அடிச்சிருச்சு!"

கம்பு வில்லாக வளைந்தது. நூல் சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டது. கொழுந்தன் எழுந்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்தான். ஆற்றில் ஒரு வெள்ளி வயிறு புரண்டது. அவ்வளவு பெரிய மீனை அவள் உயிரோடு பார்த்ததில்லை.

"கொடுவா! அண்ணி, இது அப்பன் கொடுவா!"

"தம்பி, திரும்பிப் பாருங்க."

"இருங்க இருங்க, இப்ப விடக் கூடாது."

"தண்ணி ஏறுது. வழி மூழ்குது."

"அஞ்சே நிமிஷம். களைச்சுப் போச்சு, வந்துரும்."

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் கரையைக் கடந்து குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதில் சருகு நின்று நிதானித்துப் போகவில்லை, விரட்டப்பட்ட மாதிரி போனது. காற்று கடலை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மேற்கே பெய்த மழை வெள்ளமாக எதிரிலிருந்து வந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டிய தண்ணீருக்கு இறங்க இடமில்லை. மேட்டின் அடியிலும் மூச்சு வேர்களைக் காணோம். இதைச் சொல்லிப் புரியவைக்கிற நேரம் அது இல்லை. சொன்னாலும் குனிந்த தலை நிமிரப் போவதில்லை.

அவள் இரை டப்பாவின் மேலிருந்த கத்திரியை எடுத்தாள். கம்பின் நுனியிலிருந்து விறைத்து நின்ற தூண்டில் நரம்பை எட்டிப் பிடிக்க முடியவில்லை. சக்கரத்தின் அருகே, அவன் கைக்குச் சற்று மேலே வெட்டினாள்.

டங்கென்று கம்பு நிமிர்ந்தது. கொழுந்தன் பின்னால் போய் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவன் அவளைப் பார்த்ததில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி!"

"பின்னாடி பாருங்க."

அப்போதுதான் திரும்பினான். அன்றைக்கு முழுவதும், ஒருவேளை அத்தனை வருஷங்களிலும், அந்தப் பக்கம் அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாற்காலிகளை விட்டுவிட்டுப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பலகை இருக்கும் இடம் தெரியவில்லை. குழாயின் மேல் வரிசை மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு கோடாக நின்றது.

"நீங்க முன்னாடி போங்க அண்ணி."

"வேணாம். நீங்க முன்னாடி. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிங்க. கால எடுக்காதீங்க, தேச்சுத் தேச்சு நடங்க."

முழங்கால், தொடை, இடுப்பு. நடுவில் தண்ணீர் பக்கவாட்டில் ஆள் மாதிரி தள்ளியது. அவள் ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் அவன் மழைக்கோட்டின் முதுகையும் பிடித்திருந்தாள். அவன் திடீரென்று நின்றான்.

"என்ன?"

"செருப்பு போகுது அண்ணி!"

"போனாப் போகட்டும்!"

"புதுசு அண்ணி!"

"நீங்க போயிட்டா உங்க பெண்டாட்டிக்கு நான் எந்தக் கடையில போய் வாங்கித் தர்றது? நடங்க!"

நடந்தான். தொடை, முழங்கால், சேறு. ஏறியதும் இருவரும் ஈரக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கை இன்னும் அவன் கோட்டை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்தது, பிறகு முழுவதும் காணாமல் போனது. அந்தப் பக்கம் மேட்டில் ஒரு நாற்காலி மிதந்து, திரும்பி, காட்டுக்குள் போனது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. "புதுசு அண்ணி!" என்று அவன் குரலிலேயே அவள் சொல்லிக் காட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்பதும் தெரியாது. மழைத் தண்ணீரோடு அதையும் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன் நடுவுல எழுந்துருவாரு அண்ணி. மீன் நல்லாக் கடிக்கிற நேரமாப் பார்த்து, 'போதும்டா, கிளம்பு'ம்பாரு. நான் திட்டுவேன். உனக்குப் பொறாமை, உனக்கு முதுகு வலி, வயசாயிருச்சுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வேன். சிரிச்சுக்கிட்டே நாற்காலிய மடக்குவாரு. ஒரு தடவகூட ஏன்னு சொன்னதில்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல."

"அவர் எவ்வளவு பெரிய மீன் பிடிச்சிருக்காரு?"

"அண்ணனா? அண்ணன் எங்க தூண்டில் போட்டாரு? ஆரம்பத்துல ஏதோ போட்டாரு. அப்புறம் கம்பே எடுத்துட்டு வர்றதில்ல. டீ ஊத்திக் குடுப்பாரு, முட்டை உரிச்சுக் குடுப்பாரு."

மீன் பிடிச்சாத்தானே என்று கூடத்திலிருந்து வந்த சிரிப்பு அவள் காதில் கேட்டது.

"அப்புறம் எதுக்குத்தான் வந்தாரு?"

அவன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டான். ஒரு காலில் செருப்பு இருந்தது.

"நான் வந்தேன்ல," என்றான்.

லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் வெளியே வருகிற வழியை ஒரு தடவை பார்த்துவைப்பதாக அவர் எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒருவேளை ஆற்றங்கரையில் அவருக்கும் கண்ணாடிதான் நனைந்ததோ என்னவோ. எதுவாக இருந்தால் என்ன? அந்த ஒரு வாரம் அவர் அவளிடமிருந்து தப்பித்துப் போகவில்லை. தம்பியைக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தார், அவ்வளவுதான். பல வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு சின்னக் கல் நகர்ந்து வழிவிட்ட மாதிரி அவளுக்கு மூச்சு வந்தது.

கரை வழியே குடையோடு விடுதிக்காரம்மா ஓடி வந்தாள். குடை காற்றில் மேல்நோக்கி மலர்ந்திருந்தது. "உங்களுக்கு அறிவிருக்கா? எப்பவும் தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி திரும்பி வந்து நிப்பீங்களே, இன்னிக்கு என்ன வந்துச்சு? இதுக்குத்தான் அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வரணும்கிறது!"

"அவர் இறந்துட்டாரும்மா. ஒரு வருஷம் ஆச்சு," என்றான் கொழுந்தன். தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

விடுதிக்காரம்மா குடையை மடக்கினாள். பிறகு அவர்கள் இருவரையும் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தாள். அன்று மாலை கேட்காமலேயே இரண்டு அறைக்கும் வெந்நீர் வந்தது. சுவர் ஆணியில் தொங்கிய அவன் ஒற்றைச் செருப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போனில் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"அண்ணி வெட்டிட்டாங்கடி... ஆமா, என் கத்திரியாலேயே... கதவளவுக்கு இருந்துச்சு... சத்தியமா!"

மீன் கதவளவு இல்லை. அவள் திருத்தப் போகவில்லை. விளக்கை அணைக்காமலேயே தூங்கிப்போனாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கியதில்லை.

பஸ் நிலையத்துக்கே ஓரகத்தி வந்துவிட்டாள். ஹாரன் சத்தத்துக்கு வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றாள். புருஷன் இறங்கியதும் தலை முதல் கால்வரை ஒரு தடவை பார்த்தாள். காலில் விடுதிக்காரம்மா கொடுத்த பெண்கள் செருப்பு இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்காள் கையிலிருந்த பையைத்தான் வாங்கிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் அவள்.

"மீன் எங்கக்கா?"

"அதை உன் வீட்டுக்காரர்கிட்டக் கேளு. விடிய விடியச் சொல்வாரு."

"அதான் போன்லயே சொல்லிட்டாரே. போன வருஷம் பேசாததுக்கும் சேர்த்து." ஓரகத்தி சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டவள், திடுக்கிட்டு இறக்கினாள். சேலையில் பழுப்பாக ஒரு ஈரம் படர்ந்திருந்தது. "என்னக்கா இது, பை முழுக்க டீ?"

"ஃபிளாஸ்க்தான், வழிக்குன்னு டீ ஊத்துனேன். மூடியில ரப்பர் வளையம் இல்ல."

"ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

"போடலாம்," என்றாள் அவள்.

அந்த ஃபிளாஸ்க் இன்னும் ஒழுகுகிறது.